சீட்டிக்காரருக்கு வந்த அட்டைகள்

தொழிற்சங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் சுத்தம். "அக்கா அடிச்ச கடுதாசியில தப்புக் கண்டுபிடிக்கிறவன் கல்லுல நார் உரிக்கிறவன்" என்பார் செயலாளர். அந்தப் பாராட்டுதான் பின்னால் நெருஞ்சி முள்ளாய்க் குத்தியது.

ரப்பர் தோட்டத்தில் மருந்தறை கேட்டு வேலைநிறுத்தம் செய்த பன்னிரண்டு பேரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சங்கங்களுக்குப் பட்டியல் அனுப்பினால் அசைவு இருக்கும் என்று செயலாளர் நம்பினார். தபால் வண்டி மூன்று மணிக்கு. பதினோரு பேருக்குத் தோட்டப் பதிவேட்டில் உள்ள பெயர் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது ஆள், மரத்துக்கு மரம் சீட்டியடித்தபடி பால் வெட்டுகிறவர். தோட்டத்துக்கே அவர் சீட்டிக்காரர்தான்.

"இவரோட சொந்தப் பேரு என்ன?"

"யாருக்குத் தெரியும்? கூப்பிடுற பேரையே அடிச்சு விடுங்கக்கா. வண்டி போயிடப் போகுது" என்றார் செயலாளர்.

சீட்டிக்காரரின் மனைவி வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்கா அடித்து முடித்து உறையை ஒட்டிவிட்டாள்.

யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் காரியம் நடந்தது. கடல் கடந்து ஒரு துறைமுகத்தில், முகமறியாத தொழிலாளிகள் அந்தத் தோட்டத்து ரப்பரை இறக்க மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பட்டியலில் இருப்பவர்களை விடச் சொல்லித் தந்திகள் குவிந்தன. ஆறாவது வாரம் பதினோரு பேர் வெளியே வந்தார்கள். பன்னிரண்டாவது பெயருக்கு எதிரே சிறை அதிகாரி எழுதியிருந்தார்: 'இப்படி ஒரு கைதி இங்கே இல்லை.'

சரியான பெயரோடு மறுமனு போய்ச் சேர்வதற்குள், உள்ளேயே காய்ச்சல் கண்டு சீட்டிக்காரர் இறந்துபோனார்.

சாவுச் செய்தி கடல் தாண்டுவதற்குள் சங்க அலுவலகத்துக்கு அவர் பெயரில் தபால் அட்டைகள் வரத் தொடங்கின. 'தைரியமாக இருங்கள்', 'நீங்கள் வெளியே வரும்வரை விடமாட்டோம்.' செத்தவருக்கு வாரம் பத்து அட்டை. ஒவ்வொன்றிலும் அக்கா அடித்த அதே பெயர், விதவிதமான கையெழுத்தில். தெருவில் யாராவது சீட்டியடித்துப் போனால் விசைகளின் மேல் அவள் விரல்கள் விறைத்து நின்றுவிடும்.

அட்டைகளை வாங்கிப்போக அவர் மனைவி வந்தபோது, அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக மடியில் அடுக்கினாள். பிறகு, "சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவரே திரும்பிப் பாக்க மாட்டாரு, வேற யாரையோன்னு நெனைச்சுக்குவாரு" என்றாள். சிரித்துவிடுவாள் போலிருந்தது. சிரிக்கவில்லை. "ஆனா நான் வாசல்லதானே இருந்தேன், அக்கா."

மேலே இருந்த அட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"சரி, படிங்க. என்ன எழுதியிருக்காங்க?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள். சாவுச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அட்டைகள் குறைந்தன. கிரேன் ஓட்டும் ஒருவர் மட்டும் அவளுக்கே எழுதிக்கொண்டிருந்தார்: தன் முழங்கால் வலி, தன் மகள், துறைமுகத்துப் பனி. இரண்டாம் வருடம் அதுவும் நின்றது.

"இன்னைக்கு ஒண்ணும் வரலையா?" என்று அவள் கேட்ட ஞாயிறு, 'இல்லை' என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. மேசையிலிருந்த ஒரு வெற்றுத்தாளை எடுத்து விரித்தாள்.

"மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்காம்."

"அப்படியா! மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"பஸ் ஓட்டுறாராம்."

அவள் தாளைப் பார்த்தாள். தபால்தலையும் இல்லை, மடிப்பும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள்.