படத்துக்காகக் குடித்த தண்ணீர்

கல்வேலிக்கு மேலால் பறந்து வந்து ஒழுங்கையில் விழுந்தது அந்தப் பட்டை. தண்ணீர் அள்ளுகிற பனையோலைப் பட்டை, கயிறோடு, புத்தம் புதிது. நான் தொட்டு அள்ளியது என்பதால் நயினார் வீட்டார் வீசியெறிந்தார்கள். எங்கள் பகுதியின் பெரிய நிலக்காரரை அப்படித்தான் நாங்கள் கூப்பிடவேண்டும். அக்கா குனிந்து பட்டையை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், வீட்டுக்கு நடந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் இவ்வளவு காலம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

எழுபதுகளில் எங்கள் நெடுந்தீவுக்குப் படம் பிடிக்க வந்தார்கள். ஒல்லாந்தர் காலத்து அடிமைகள் எதிர்த்து எழுந்த கதை. தலைவனாக நடிக்க டைரக்டர் என்னைப் பிடித்தார். "உமக்கு மேக்கப் தேவையில்லை" என்றார், பாராட்டாம். கதைப்படி, எசமானின் கிணற்றில் அடிமை தன் கையால் அள்ளிக் குடிப்பதில்தான் கலகம் தொடங்குகிறது. அதற்கு நயினார் வீட்டுக் கிணறு டைரக்டருக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்ததும் அது ஒன்றில்தான். எங்கள் ஆட்கள் அதைத் தொடக்கூடாது. பெண்கள் குடத்தோடு தள்ளி நிற்பார்கள்; அந்த வீட்டார் மனம் வைத்து அள்ளி ஊற்றினால் உண்டு. அக்கா அங்கே வெயிலில் காய்வதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்; அந்த வருஷம் அவள் இடுப்பில் கைக்குழந்தையும் இருந்தது.

நயினார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பட்டையை இறக்குவது போலக் காட்டலாம், தண்ணீரில் படக்கூடாது. குடிக்கும் காட்சிக்குப் பீப்பாய்த் தண்ணீர். அடிமைத்தனத்தை எதிர்த்துப் படம் எடுக்க வந்த மனிதர் அதற்குத் தலையாட்டினார். ஏன், நானும்தான் ஆட்டினேன்.

காலையிலிருந்து தகரச் சங்கிலியோடு வெயிலில் நின்றதில் நா வறண்டிருந்தது. ஆனால் தாகம் மட்டும் அல்ல. கமரா ஓடத் தொடங்கியபோது, வழக்கமான இடத்தில் வெறுங்குடத்தோடு நின்ற அக்கா என் கண்ணில் பட்டாள். கயிற்றை விட்டேன், பட்டை தண்ணீரில் விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன், வழுக்கவில்லை. அள்ளி, அண்ணாந்து குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. டைரக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். மறுநாள் பெட்டிகளோடு வள்ளம் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் எங்கே போவது? நயினார் இறைப்பு மிசின் வைத்துக் கிணற்றைச் சேறு தெரியும்வரை இறைப்பித்தார். தீட்டுக் கழிக்கிறாராம், நடுக் கோடையில். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை போலத்தான் கிடக்கும். அளவாக அள்ளவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பிறகு ஊறி வந்ததெல்லாம் உப்பு. அவர் வீட்டுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் வந்தது. அக்கா பிள்ளையையும் குடத்தையும் அந்தப் பட்டையையும் தூக்கிக்கொண்டு தீவின் மறுகரைக் கிணற்றுக்கு நடந்தாள்.

"படம் நடிச்சு எங்களுக்கு உப்பு வாங்கித் தந்தவன்" என்று எங்கள் ஆட்களே சொன்னார்கள். இறைத்தவர் நிம்மதியாகத் தூங்கினார். ஒரு வாய் குடித்த எனக்குத்தான் தூக்கமில்லை. இது என்ன நியாயம் என்று எனக்கு நானே கத்தியிருக்கிறேன். நியாயம் தெரிந்தும் மனம் ஆறவில்லை. சில நாள் அக்காவின் குடத்தைப் பறித்து நான் சுமந்தேன். ஒருநாள் வழியில் மறித்து, "என்னை ஏசன் அக்கா" என்று கேட்டேவிட்டேன்.

"ஏசினாக் கிணறு இனிக்குமோ?" என்றுவிட்டு நடந்தாள்.

அடுத்த வருஷம் படம் யாழ்ப்பாணத்தில் ஓடியது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கிணற்றுக் காட்சி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தோளைத் தட்டித் திரையைப் பார்க்க வைத்தாள். அங்கே நான் குடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கழுத்தால் வழிந்து நெஞ்சை நனைத்தது.

"தம்பி, பாதியைச் சிந்திப்போட்டாய்" என்றாள் மெல்ல. "முழுக்கக் குடிச்சிருக்கலாம்."

ஊர் திரும்பிய மறுநாள் விடிய, அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு மறுகரைக்கு நடந்தாள். ஓலை இற்றுப்போகும்வரை அதைத்தான் வைத்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த தகர வாளி மூலையில் கிடந்தது. இப்போது அக்காவும் இல்லை. கொழும்பில் என் வீட்டுக் குசினியில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. ஒரு சொட்டும் சிந்தாமல் குடிக்கிறேன்.