நடுவில் நின்ற பாட்டு

போன கார்த்திகையில், ஒரு சனிக்கிழமை காலை, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நடந்தது இது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு மனிதரின் காலை முறிக்கப் பார்த்தேன். அப்போது என் கையில் இருந்தது வெறும் செல்போன்தான்.

எனக்கு நாற்பத்தொரு வயது. ரெட்டியார்பாளையத்தில் வீடு, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள். இப்படிப்பட்டவள் "ராக் பாட்டுதான் கேட்பேன்" என்று சொன்னால் ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதிலும் சாந்தமான ராக் எனக்கு ஆகாது. டிரம்ஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும், கிட்டார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். "மிக்ஸி ஜார்ல கல்லு மாட்டிக்கிச்சா?" என்பார் என் கணவர்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கெங்கோ இருக்கும் ஊர்களிலிருந்து புது ஆல்பங்கள் வெளியாகும். தெருவே கோயிலுக்குப் போகும் நேரத்தில் நான் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு ஒரு பரீட்சையும் வைத்திருக்கிறேன். காலையில் சமைக்கும்போது, மூன்றாவது பாட்டுக்குள், என் கரண்டி தானாகவே குழம்புச்சட்டியின் விளிம்பில் தாளம் போட வேண்டும். போடவில்லையென்றால் அந்த ஆல்பம் ஃபெயில். பத்தில் எட்டு ஃபெயில்தான். மீதி இரண்டைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு வரும் கர்வம் இருக்கிறதே, அந்தப் பாட்டுகளையே நான்தான் போட்ட மாதிரி இருக்கும்.

வைத்திக்குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்குவது ஓர் அம்மாவிடம். அம்மா என்கிறேனே தவிர, அவருக்கும் என் வயதுதான். வாய் மட்டும் இரண்டு ஆள் வாய். இயர்போனோடு என்னைப் பார்த்தாலே, "வந்துட்டா பாரு, காதுல பஞ்சு வச்சவ" என்று பக்கத்தில் விற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். ஒருமுறை இயர்போனைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்தார். ஐந்து நொடி இருக்காது, "என்னாம்மா இது, கரண்டு கம்பி மேல கொட்டாங்குச்சி வுழுந்தாப்புல?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அந்தச் சனிக்கிழமை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மழை பிடித்துக்கொள்வதற்குள் மீன் வாங்கிவிடலாம் என்று போனால் அங்கே மீனும் இல்லை, விற்கிறவர்களும் உட்கார்ந்திருக்கவில்லை. மொத்தக் குப்பமும் ஃபைபர் போட்டுகளை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. வழக்கமாக டிராக்டர் இழுக்கும். அன்று பார்த்து டிராக்டர் ஈர மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் போட்டுகளைக் கடல் கொண்டுபோய்விடும்.

அந்த மாதிரி நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மணலில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் போட்டில் கை வைக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. நான் பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்க, மீன்காரம்மா வந்து இயர்போனைப் பிடுங்கினார். "ஊரே கத்துது, ஒனக்கு மட்டும் கல்யாண ஊர்வலமா? வந்து கைய வையி!"

பையை மணலில் போட்டுவிட்டுப் போய்க் கை வைத்தேன். போட்டின் அடியில் வரிசையாக உருட்டுக் கட்டைகள். ஒருவர் குரல் கொடுப்பார், அந்தக் குரலின் தாளத்துக்கு எல்லோரும் ஒன்றாகத் தள்ளுவார்கள். பின்பக்கம் இன்னொருவர், போட்டு தாண்டியதும் வெளியே வரும் கட்டையை எடுத்து முன்னால் அனுப்புவார். மூச்சு வாங்க நிறுத்தும்போது போட்டு பின்னால் உருளாமல் கல் வைத்து முட்டுக் கொடுப்பதும் அவர்தான். குரல் நின்றது என்றால் முட்டு வைத்தாயிற்று, கையை எடுக்கலாம் என்று பொருள். இது மட்டும் எல்லோர் கைக்கும் மனப்பாடம்.

இரண்டு போட்டு ஏறியதும் குரல் கொடுத்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாரோ ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து சினிமாப் பாட்டைப் போட்டார்கள். அது இழுத்து இழுத்துப் போயிற்று, கையும் அதோடு இழுத்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. முந்தின நாள் வெளியான ஓர் ஆல்பம் என் பரீட்சையில் முதல் பாட்டிலேயே பாஸாகியிருந்தது. "அண்ணே, என்கிட்ட ஒரு பாட்டு இருக்கு. போட்டு தானா ஏறும்" என்றேன்.

முட்டு வைக்கிற அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். "சரி, போடு. ஆனா ஒண்ணு. நான் கைய தூக்கிக் காட்டினாத்தான் பாட்ட நிறுத்தணும். பாட்டு நின்னா பசங்க வுட்ருவாங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு என் போனை ஸ்பீக்கரோடு இணைத்தேன்.

என்ன சொல்ல! முதல் டிரம்ஸ் விழுந்ததுமே முப்பது பேரின் தோளும் ஒன்றாக முன்னால் போயிற்று. பாட்டு மொழியும் புரியாது, பாடுகிறவர் யாரென்றும் தெரியாது. ஆனால் போட்டு ஏறுகிறது. ஒரு போட்டு, இரண்டு போட்டு, மூன்று போட்டு. விசில் பறக்கிறது. இத்தனை வருஷம் சமையலறையில் தனியாகக் கேட்ட சத்தத்தை ஒரு குப்பமே சேர்ந்து கேட்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரிய போட்டு. உள்ளே நனைந்த வலை வேறு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியே விடாத அந்த ஆல்பம் தானாக ஐந்தாவது பாட்டுக்குப் போயிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. அதன் நடுவில் ஓர் இடத்தில் அத்தனை வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். எட்டு எண்ணிக்கை வரை ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதன்பிறகு எல்லாம் சேர்ந்து வெடிக்கும். காலையிலிருந்து அந்த இடத்தையே நாலு தடவை கேட்டுச் சிலிர்த்திருந்தேன். சிலிர்க்கத் தெரிந்த எனக்கு, இங்கே அது என்ன செய்யும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

பாட்டு நின்றது. முப்பது பேரும் கையை எடுத்தார்கள்.

முட்டு வைக்கவில்லை. அந்த அண்ணன் போட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு, மணலில் புதைந்த ஒரு கட்டையைத் தோண்டிக்கொண்டிருந்தார். போட்டு முனகிக்கொண்டு பின்னால் உருள ஆரம்பித்தது.

ணங்!

மீன்காரம்மா அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு எடைக்கல்லால் அடித்தார். ணங். அடுத்த அடி. ணங். பாட்டு விட்ட அதே தாளம், அதே இடைவெளி. யாரும் யோசிக்கவில்லை. காது சொன்னதைக் கை கேட்டது. மூன்றாவது அடியில் எல்லாக் கைகளும் போட்டில் இருந்தன. போட்டு நின்றது. நாலாவது அடியில் முன்னால் நகர்ந்தது. ஐந்து. ஆறு. அடுத்த அடிக்கு அந்தம்மா கல்லை ஓங்கி இறக்கவும், ஸ்பீக்கரில் பாட்டு வெடித்துத் திரும்பி வரவும் சரியாக இருந்தது. ஒரு நூல் பிசகவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயத்தில் பாதி, மீதி பாதி வேறு. அந்தப் பாட்டை அவர் வாழ்க்கையில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். அது எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. திரும்புமா என்றே தெரியாது. ஒரு மனிதரின் கால் போகப்போகிற நேரத்தில், கை நடுங்காமல், வேகம் கூட்டாமல், எவனோ ஒரு டிரம்மர் விட்டுப்போன தாளத்தை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, அவன் வந்ததும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். இருபது வருஷமாக ராக் கேட்கிறேன். அதைவிடப் பெரிய டிரம்ஸை நான் கேட்டதில்லை.

போட்டு மேட்டில் ஏறிய பிறகுதான் அந்த அண்ணன் வெளியே வந்தார். கணுக்காலில் கட்டை உரசித் தோல் வழன்றிருந்தது, அவ்வளவுதான். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். "பாட்டு நல்லாத்தான் இருக்குது. நடுவுல டீ குடிக்கப் போயிட்டானா?" என்று அவரே சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மீன்காரம்மாவிடம் போய், "எப்படி எண்ணிக்கை தப்பாம அடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் அன்னக்கூடையில் விழுந்த பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "எண்ணவா? அதுக்கெல்லாம் எங்க நேரம்? போட்டு நிக்கல, அதான் நானும் நிக்கல" என்றார். பிறகு என் மூக்கைப் பார்த்துவிட்டு, "அழுதது போதும். இன்னும் ஏழு போட்டு கெடக்குது. நடுவுல நிக்காத பாட்டா பாத்துப் போடு" என்றார்.

மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக முழுசாக ஓட்டிப் பார்த்துத்தான் போட்டேன். பாட்டு தேடுவது ஒரு வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தம்மாவும் கல்லைக் கீழே வைக்கவில்லை. பாட்டோடு சேர்ந்து கடைசிப் போட்டு வரை அடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தபோது, போட்டுகள் முன்பு நின்றிருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. மேட்டில் ஒரு போட்டுக்கும் சேதமில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவரே, "புச்சா எதுனா வந்துச்சா?" என்று கேட்கிறார். ஒரு காதில் அவர், ஒரு காதில் நான். "இது ஒதவாது, ஆளு அவசரப்படறான்" என்று அவர் தள்ளியதை வீட்டுக்கு வந்து கேட்டால், டிரம்மர் நிஜமாகவே தாளத்தை முந்திக்கொண்டு ஓடியிருப்பான்.

வெள்ளிக்கிழமைத் தேடலை நான் விடவில்லை. ஆனால் எந்தப் பாட்டாவது நடுவில் சட்டென்று நின்றால் முன்போல வெறுமனே சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிவதில்லை. பின்னால் யாரோ மண்டியிட்டிருக்கிறார் என்கிற நினைப்பில், அது திரும்பி வரும் வரைக்கும் என் விரல்கள் மேசையில் அடித்துக்கொண்டே இருக்கின்றன.