வடக்கே பார்த்த இருக்கை

எங்கள் காரின் பின்பக்க இடது கதவுக்குச் சொந்தப் புத்தி உண்டு. வண்டி வலது பக்கமாக வளையும்போது, மனது வைத்தால் திறந்துகொள்ளும். மனது வைக்காவிட்டால் நாலு மாதம் சாதுவாக இருக்கும். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கே அப்போது இரண்டு கார்தான். அதில் ஒன்று எங்களுடையது என்று என் மாமனாருக்கு இருந்த பெருமையில் கதவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய கறுப்பு வண்டி அது. முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட்டு, பின்னாலும் அப்படியே. காருக்கு பெல்ட் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், கார் என்ன கால்சட்டையா போட்டிருக்கிறது என்று கேட்டிருப்போம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமனார், என் கணவர், நான், இரண்டு வயது முடிந்த எங்கள் மகள். காரை ஓட்டுகிறவர் என் கணவர். பின்சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்து, ஓட்டத் தெரியாமலே ஓட்டுகிறவர் மாமனார். "ஹாரன் அடி. மாடு வரது. அந்தப் பஸ்காரன் நம்மளைப் பாக்கலை, கேட்டியோ." இத்தனையும் சொல்லிக்கொண்டு வரும்போது குழந்தை அவர் மடியில் இருக்கும். வேறெங்கே இருக்கும்? ஊரில் ஓடிய எல்லாக் கார்களிலும் குழந்தைக்கு இருக்கை பெரியவர் மடிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரமனையில் ஒரு சீமந்தத்துக்குப் போனோம். குழந்தை அவர் மடியில் ஏறி நின்று வெளியே வேடிக்கை பார்த்தது. நான் வலது பக்கத்தில் பூக்கூடையோடு. பாலம் தாண்டியதும் ஒரு வளைவு. கதவு மனது வைத்துவிட்டது. சட்டென்று காற்று, ரோடு பக்கத்திலேயே ஓடியது. நான் கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது குழந்தை அவர் கைக்குள் இருந்தது. கணவர் பிரேக் போட்டார். என் மகள் "ஹை!" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை," என்றார் மாமனார். "நான் புடிச்சுட்டேன்."

அவர் பிடித்த கதை சீமந்த வீட்டில் காப்பிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சொல்லப்பட்டது. தெருவுக்கு வந்ததும் கொஞ்சம் சதை போட்டது. இரண்டாவது வாரத்தில் அவர் ஒரு கையால் குழந்தையின் இடுப்பைப் பிடித்து, இன்னொரு கையால் கதவைச் சாத்தினார். மூன்றாவது வாரத்தில் கீழே விழப்போன மூக்குக் கண்ணாடியையும் பிடித்தார். அது எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன். கண்ணை மூடினால் அந்த ரோடு பக்கத்தில் ஓடியது.

கதவை மூன்று மெக்கானிக்குகள் பார்த்து, சரியாகிவிட்டது என்று மூன்று பேரும் சொன்னார்கள். அதற்கு மேல் நம்பிக்கைக்கு இடமில்லாமல், ஒரு கயிற்றால் கதவின் கைப்பிடியை முன்சீட்டின் காலோடு கட்டி வைத்தோம். மாமனார் வலது பக்கம் ஏறி, சீட்டு நெடுக நகர்ந்து தன் மூலைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்த மூலையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. காரில்தான் போவது என்று முடிவாகியிருந்தது. குழந்தைக்குத் தனியாக, கட்டிவைத்த ஒரு இருக்கை இல்லாமல் நான் அந்தக் காரில் ஏறமாட்டேன், குழந்தையும் ஏறாது, நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்.

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார். "என் மடிக்கு என்ன கேடு வந்துடுத்து?"

அந்தக் குடும்பத்தில் அவர் மடியை யாரும் அதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். பதில் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சொல்லாததால் அது நாலு நாள் நீண்டது.

என் கணவர் சமாதானப் பிரியர். சமாதானப் பிரியர்கள் எப்போதும் மட்டமான யோசனைகளோடு வருவார்கள். முடிவெட்டும் கடையில் சின்னப் பிள்ளைகளுக்காக நாற்காலிக் கைகளின் மேல் ஒரு பலகை போடுவார்கள் அல்லவா, அதுபோல ஒன்று போதாதா என்றார். குழந்தை அதிலிருந்து விழுவதற்கு வசதியாக இருக்கும் என்றேன். மாமனார் தன் பங்குக்கு, காருக்குள் தூளி கட்டலாம் என்றார். அதைச் செய்தும் பார்த்தோம். அவருடைய பழைய வேஷ்டியை முன்சீட்டுக்கு மேலே குறுக்கே கட்டி, குழந்தையை அதில் போட்டு, தெருமுனை வரை ஒரு வெள்ளோட்டம். முதல் பிரேக்கிலேயே தூளி முன்னால் போய்ப் பின்னால் வந்தது. குழந்தையின் இரண்டு காலும் என் கணவரின் பிடரியில் இறங்கின. அவள் மறுபடியும் வேண்டும் என்றாள். அவர் வேண்டாம் என்றார்.

அப்போதுதான் பின்தெருவில் ஒரு வீட்டில் அசல் இருக்கையே இருப்பது தெரிந்தது. கணவன் கல்ஃபில் வேலை. அந்த வருஷ லீவில் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றில் குழந்தைகளுக்கான கார் சீட்டு. அவர்களிடம் கார் கிடையாது. சீட்டு வரவேற்பறையில் டிவிக்கு எதிரே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வீற்றிருந்தது. அவர்கள் பையன் அதில் உட்கார்ந்து புட்டும் பழமும் தின்றுகொண்டிருந்தான். வாரும் கொக்கியும் கண்ணைப் பறித்தன. ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டேன்.

"ஐயோ சேச்சீ," என்றாள் அந்த வீட்டுக்காரி, மலையாளத்தில் என்னை அக்காவாக்கி. "கொண்டுபோகண்டா. அளவு வேணமெங்கில் எடுத்தோளூ."

கொண்டுபோகக் கூடாது, அளவு எடுத்துக்கொள்ளலாம். அதுவும் பெரிய மனசுதான். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற டேப்போடு போய், பையன் சீட்டை விட்டு இறங்க மறுத்ததால் அவனோடு சேர்த்தே அளந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த படத்தையும் ஒரு தாளில் வரைந்துகொண்டேன். அந்தப் படத்தில் ஒரு விசித்திரம். சீட்டு காரின் பின்பக்கம் பார்த்து இருந்தது. அம்புக்குறி போட்டு அப்படித்தான் வைக்க வேண்டும் என்று காட்டியிருந்தது.

சாலை என்றே பெயர் கொண்ட கடைத்தெருவின் உள்சந்து ஒன்றில், நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் சினிமா கொட்டகை சீட்டுகளுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். தாளை அவரிடம் நீட்டினேன். நேராக வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார்.

"படத்துல தப்பா போட்டிருக்கான்மா. பிள்ளை பின்னால பாத்துட்டா போவும்? இருவது வருசமா கொட்டக சீட்டு தைக்கேன். திரைக்கு முதுகு காட்டி ஒரு சீட்டு போட்டதில்ல."

"படத்துல இருக்கற மாதிரியே செய்யுங்கோ," என்றேன்.

"பிறவு எங்கிட்ட வந்து சொல்லப்பிடாது."

ஆனால் மனுஷர் வேலைக்காரர். பலாப்பலகையில் கூடு, உள்ளே தென்னை நார், மேலே கொட்டகையில் மிஞ்சிய சிவப்பு ரெக்சின். பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற தடித்த பட்டையில் குழந்தைக்கு வார். காரின் முன்சீட்டு முதுகைச் சுற்றிக் கட்ட இன்னும் இரண்டு பட்டை. குழந்தை முன்சீட்டில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், உயரமாக, பின்சீட்டில் இருக்கிற எங்களைப் பார்த்துக்கொண்டு வரும். ரெக்சினில் பழைய வெள்ளை எழுத்து அழியாமல் சி 14 என்று இருந்தது. அதையும் உரிக்கட்டுமா என்றார். இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம், பட்டுப்புடவை எடுத்த நாளில்கூட இருந்ததில்லை.

மாமனார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இது எந்தப் பக்கம் பாக்கும்?"

சொன்னேன்.

"ஒரு நல்ல காரியத்துக்குப் புறப்படறோம். புறப்படறப்போ ஒருதரம் திரும்பிப் பாத்தாலே தோஷம். இவ ஆத்துலேந்து திருநெல்வேலி மட்டும் திரும்பிப் பாத்துண்டே வருவா. போறும், நன்னாருக்கு!"

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர் சம்மதிக்காவிட்டால் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. பஸ் நேரம் விசாரித்துவைக்கும்படி கணவரிடம் சொன்னேன், நிஜமாகவே சொன்னேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை அவர் பஞ்சாங்கத்தோடு வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். ஆகவே வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். நாகர்கோவில் ரோடு தெற்கே போகிறது. வியாழக்கிழமை தெற்கே சூலம். அந்தத் திசையில் அன்றைக்குப் பயணம் ஆகாது. தவிர்க்க முடியாவிட்டால் எண்ணெய் தொட்டுக்கொண்டு கிளம்புவது பரிகாரம். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். முகூர்த்தத்தையே மாற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாமெல்லாம் எண்ணெய் தொட்டுண்டா போறும்," என்றார், என்னைப் பார்க்காமல். "குழந்தைக்குப் பரிகாரம் போறுமோ என்னமோ. அவ அந்த சீட்டுலயே வரட்டும். வண்டி தெற்கே போனாலும் அவ வடக்கே பாத்துண்டுதானே வருவா? சூலம் அவளைத் தொடாது."

கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். திரும்பிப் பார்ப்பது தோஷம் என்று மூன்று நாள் முன்னால் சொன்ன வாய்தான் அது. ஆனால் வலிய வருகிற சம்மதத்தைக் கிளறிப் பார்க்கக்கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. "அப்பா சொன்னா சரிதான்," என்றேன்.

போகிற வழியெல்லாம் ராஜமரியாதை. சிவப்பு சிம்மாசனத்தில் ஒரு குழந்தை எதிர்ப்பக்கம் பார்த்துப் போவதைக் காண பாலராமபுரத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்கள் பின்னாலேயே வந்தார். அவள் அவருக்கு டாட்டா காட்டினாள், பஸ்களுக்குக் காட்டினாள், எங்கள் முகத்துக்கு எதிரே ஒரு முழு வாழைப்பழத்தை நிதானமாகத் தின்று முடித்தாள். வெயிலில் ரெக்சின் கொதித்தது. கீழே துண்டு போட்டோம். ஒருமுறைகூட அழவில்லை.

அழுதது கோயிலில். மொட்டை அடிக்கக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். திருநெல்வேலியில் இருந்த என் அண்ணா புதுப் பட்டு வேஷ்டி கட்டி, சம்மணம் போட்டு, மடியைத் தயாராக வைத்திருந்தான். அவள் மடியைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள், "என் சீட்டு" என்று உருண்டு புரண்டாள். முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. கடைசியில் கணவர் ஓடிப்போய்ப் பட்டைகளை அவிழ்த்து சீட்டைத் தூக்கிவந்தார். அதை அண்ணா மடியில் வைத்து, அதில் அவளை வைத்து, வாரையும் மாட்டினோம். பலாக்கட்டை முழுதும் அவன் தொடையில். நாவிதர் அவளைத் தொட்டதும் அவள் சிரித்தாள். அண்ணாவின் முகம்தான் மொட்டை அடிக்கப்படுகிறவனின் முகமாக இருந்தது. காதுகுத்தும் அதிலேயே முடிந்தது.

சனிக்கிழமை திரும்பினோம். அண்ணா பிரசாதக் கூடையும் வாழைத்தாரும் பின்சீட்டில் ஏற்றினான். ஏற்றுவதற்காகக் கதவுக் கயிற்றை அவிழ்த்தவன் கட்ட மறந்துவிட்டான். எங்களுக்கும் தெரியவில்லை.

பாறசாலை தாண்டி ஒரு வலது வளைவு. கதவு திறந்தது. மாமனார் அப்படியே சாய்ந்தார். நான் எட்டி அவர் அங்கவஸ்திரத்தைக் கொத்தாகப் பிடித்தேன். அது முழுதாக என் கைக்கு வந்துவிட்டது, அவர் வரவில்லை. அவர் நின்றது வேறொன்றால். குழந்தையின் சீட்டை முன்சீட்டு முதுகோடு கட்டியிருந்த பட்டை அவர் கையில் அகப்பட்டிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கினார். இருக்கை அசையவில்லை. அதில் இருந்த என் மகள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, கைதட்டி, "தாத்தா, இன்னொருதரம்!" என்றாள்.

வண்டி நின்றது. கணவர் இறங்கிக் கயிற்றைத் தேடிக் காருக்கு அடியில் குனிந்தார். மாமனார் பட்டையை இன்னும் விடவில்லை. என் கையில் இருந்த வெறும் அங்கவஸ்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான்," என்றார் மெதுவாக. "என் கையில ஒண்ணும் அகப்படலை. அவ ஃப்ராக் நாடா, பை மாட்டற கொக்கி இருக்கே முன்சீட்டுக்குப் பின்னால, அதுல மாட்டிண்டு நின்னா. நான் புடிச்சது அப்புறம்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

"வடக்கு, தெற்கெல்லாம் சும்மா," என்றார். "அந்த சீட்டு வேணும்னு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அங்கவஸ்திரத்தை மடித்து அவர் தோளில் போட்டேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய், அழுகை வந்தது. கணவர் கயிற்றோடு நிமிர்ந்து, என்ன ஆச்சு என்றார். தூசி என்றேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் மாமனார் தானாகவே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், பின்சீட்டின் இடது மூலைக்கு ஒரு இடுப்புப் பட்டை தைத்துவந்தார். யாருக்கு என்று தையல்காரர் கேட்டதற்கு, வண்டிக்கு என்று சொன்னாராம். தெருவில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவர் அதோடு நிறுத்திவிட்டார். கேட்டுப் பழகினவர்கள் விடுவார்களா? அன்னிக்கு எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்ப்பார்.

"அப்பாதான் புடிச்சார்," என்பேன் நான். "ஒரே கையால."