துப்பிய கருப்பட்டி

ஊரெல்லாம் வெள்ளம் வந்து ஓண வியாபாரம் படுத்துப்போன வருஷம் அது. சாலைக் கடைத்தெருவில் எங்கள் கருப்பட்டிக் கிடங்கின் கூரை ஒழுகி, நாற்பது சிப்பம் இளகிப்போனது. அந்த வருஷந்தான் பல் வைத்தியம் பார்க்கும் ஷைலஜா டாக்டர் முன்னால் நான் முதலில் வாய் திறந்தேன். அவர் போய்விட்டார் என்று போன வியாழக்கிழமை பழவங்காடியில் தேங்காய் விற்கும் லீலா சொன்னாள். நான் எழுத்து அறியாதவன். சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் பல் காட்டிய நீங்கள் கேட்க வேண்டும்.

எனக்கு இடது கண் முன்பே போனது. அப்போது வலது கண்ணிலும் புரை. சுகர் இறங்காமல் ஆபரேஷன் இல்லை என்று கண் டாக்டர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மாத்திரை தவறியதில்லை, இனிப்பு தொட்டதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஈறு வீங்கி, பல் ஆடி, ரத்தம் வரவும் ஷைலஜா டாக்டரிடம் போனேன்.

"அண்ணாச்சிக்கு எந்தா ஜோலி?" என்று மலையாளம் கலந்து கேட்டார்.

"கருப்பட்டி கடிச்சுத் தரம் சொல்றது. சீனி கலந்திருந்தா நாக்கு காட்டிக்கொடுத்துரும்."

"ஒரு நாளைக்கு எத்தனை கடி?"

"ஐம்பது, அறுபது வரும். ஆனா முழுங்க மாட்டேன் டாக்டரே, துப்பிருவேன்."

அவர் சிரித்துவிட்டார். "துப்பினது போக பாக்கி எவிடே போகும்? கொறச்சு தொண்டையில், கொறச்சு ஈறில்."

துப்பியதைத் தின்றதாக நாங்கள் யாருமே நினைத்ததில்லை. அதனால் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

"ஈறு ஆறாட்டி சுகர் அடங்காது, சுகர் அடங்காட்டி ஈறு ஆறாது. ரெண்டையும் ஒண்ணிச்சுப் பிடிக்கணும், கேட்டோ" என்பார். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் படிந்த கல்லை நாலு தடவையாகச் சுரண்டி எடுத்தார். மூன்றாம் தடவை நான், "போதும், எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்க" என்று எழுந்துவிட்டேன். வாசலை மறித்து நின்றார்.

"கண்ணு வேணுமா, வேண்டாமா? வேணும்னா இரி."

உட்கார்ந்தேன்.

கடிப்பதை விடச் சொன்னதில்தான் தகராறு. கூட வேலை செய்த இசக்கி, "பல்லைக் காட்டப் போனவன் பொழப்பைப் பிடுங்கிட்டு வந்திருக்கான்" என்றான். முதலாளி, "கடிக்காம எப்படிவே தரம் சொல்லுவீரு?" என்று கேட்டார்.

மறுநாள் டாக்டரே கிடங்குக்கு வந்து சாக்குமேல் உட்கார்ந்தார். "கடிக்கும்முன்னே கை எந்து சொல்லும்? அதைச் சொல்லு." பத்துச் சிப்பம் பிரித்தார்கள். உடைபடும் சத்தம், விரலில் ஒட்டும் பிசுக்கு, மணம், இவ்வளவை வைத்தே சொன்னேன். இசக்கி பின்னாலேயே கடித்துப் பார்த்தான். ஒன்பது சரி.

"பத்தாமத்தது?" என்றார் முதலாளி.

"அதையும் கை நாளைக்குப் படிச்சுக்கும்" என்றார் டாக்டர்.

மூன்று மாசம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சுகர் இறங்கியிருந்தது. "என் வேலை மாத்திரம் இல்ல, மாத்திரையும் உண்டு, நீ கடிக்காததும் உண்டு" என்றார். கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த வாரம் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஆடிய பல்லில் இரண்டு போனது, மற்றவை நிற்கின்றன. பல்லிடுக்குக்கு அவர் தந்த சின்ன பிரஷை ஒரு ராத்திரியும் விட்டதில்லை; தேயத் தேயப் புதிது வாங்குகிறேன். கருப்பட்டி இன்றுவரை என் பல்லில் பட்டதில்லை, இனியும் படாது. இசக்கி கடைசிவரை கடித்தான். சுகரில் கால் போய், பிறகு ஆளும் போனான். முதலாளி கொரோனாவில் போனார். இப்போது டாக்டரும் போய்விட்டார். அந்தப் பத்துச் சிப்பத்தைச் சுற்றி அன்று இருந்தவர்களில் மிச்சம் ஒருவன்தான். பேச்சிமுத்து, நான்.