இரண்டு ஊற்றும் இருபத்துநான்கு பாட்டில்களும்

அந்தப் பெண்ணை எனக்குத் தர மறுத்ததற்கு அவள் அப்பா சொன்ன காரணம் என் சம்பளம் அல்ல, நிறம் அல்ல, ஜாதகமும் அல்ல. தண்ணீர்.

"வாத்தியாருக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா உங்க ஊருக்குப் பொண்ணு குடுத்தா அது கொடம் தூக்கியே கெழவியாயிடும்" என்று என் தாய்மாமனிடம் சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கமே நகர்த்தி வைத்தார். பெண் உள்ளே கதவோரம் நின்றாள். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான். அதுவே போதுமானதாக இருந்தது. நடந்து திரும்பும்போது வழியெல்லாம் மாமாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் பாவம், என்ன செய்வார்?

அந்த மனிதர் சொன்னதும் பொய் இல்லை. பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊருக்கு ஒரே ஊற்று. பங்குனி பிறந்தால் அதில் கொட்டாங்கச்சியால் சுரண்டித்தான் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தள்ளி, அவர்கள் ஊர். அங்கேயும் ஓர் ஊற்றுதான். ஆனால் கடுங்கோடையிலும் இடுப்பளவு நிற்கும். தண்ணீர் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு நடை உண்டு. எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்தால் அந்த நடை இன்னும் கொஞ்சம் நிமிரும்.

நான் அப்போது போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். யுத்த காலம். அந்த ஆண்டு பட்டணத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, கரியில் ஓடும் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் அடைத்த பெட்டிகளோடு எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். பஸ் ஏற்றத்தில் நின்றபோதெல்லாம் இறங்கித் தள்ளியதில் சட்டை முழுக்கக் கரி. பச்சைமலையில் பெய்கிற மழை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "எங்க போவும், கீழதான் போவும்" என்று எங்கள் ஊர் மணியக்காரர் உடனே விடை சொல்லிவிட்டார். பேராசிரியர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் அவர் அந்த மலையைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழையை அளக்க மேலே தகரக் குவளைகள் வைத்தார். எந்த மரத்தடியில் மண் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தார். மண்ணை நாக்கில் வைத்துச் சுவைத்தார். பாறையில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கேட்டால், உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் என்பார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் புதையல் தேடுகிறார் என்றார்கள், மீதிப் பேர் அவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். பள்ளி முடிந்ததும் நான் அவரோடு சுற்றுவேன். முதலில் பொழுது போகட்டும் என்றுதான் போனேன். பிறகு எனக்கும் காரியம் இருந்தது.

மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி வரும். அடிவாரத்துக்குச் சற்று மேலே பெரிய பாறைக் குவியலுக்குள் நுழைந்து அப்படியே மறைந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கள் ஊற்றுக்கு வருகிறதா, அவர்கள் ஊற்றுக்குப் போகிறதா? அதைத்தான் பேராசிரியர் கண்டுபிடிக்கப் போகிறார். "உங்கள் ஊற்றில் வருவது மலைத் தண்ணீர்தான் என்றால் இன்னும் இரண்டு ஆள் உயரம் தோண்டிக் கல் கட்டினால் போதும், கோடையிலும் வற்றாது" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊற்று வற்றாவிட்டால் வெற்றிலைத் தட்டு திரும்பி வராது அல்லவா?

அவரிடம் ஒரு டப்பாவில் செங்கல் நிறத்தில் பொடி இருந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் கிளிப்பச்சையாகிவிடும். ஏற்பாடு இதுதான்: குறித்த நாளில் விடிவதற்குள் டப்பாவோடு மேலே ஏறி, ஓடை மறைகிற இடத்தில் பொடியைக் கொட்டுவார். கீழே இரண்டு ஊற்றிலும் ஆள் உட்கார்ந்து, காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை மணிக்கு ஒரு பாட்டில் பிடிக்க வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் மணி எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். ஆளுக்கு ஓர் அலாரம் கடிகாரம்.

"அவரவர் ஊர் ஊற்றில் அவரவர் உட்கார்ந்தால் ஆசை கண்ணை மறைக்கும். அதனால் மாற்றி உட்காருங்கள்" என்றார் பேராசிரியர். மண்ணையும் பாறையையும் நன்றாக அறிந்தவர், மனுஷனை அறியாதவர். எங்கள் ஊற்றுக்குக் காவல் இருக்க அந்த ஊரிலிருந்து யார் வந்தார் என்கிறீர்கள்? பெண்ணின் அப்பாவேதான். அவர்கள் ஊற்றுக்கு நான் போனேன்.

காலை முழுவதும் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஒவ்வொரு பாட்டிலைப் பிடிக்கும்போதும் எனக்கு உற்சாகம் ஏறியது. இங்கே வராவிட்டால் எங்கள் ஊருக்குத்தானே வர வேண்டும்? பெண்கள் வந்து தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள். அவளும் காலையில் இரண்டு நடை வந்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மணி என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டு மணிக்குப் பாட்டிலை முக்கினேன். தூக்கிப் பார்த்தால் பச்சை. வெயிலில் பிடித்தேன், இன்னும் பச்சை. ஊற்றைப் பார்த்தேன். கல்லிடுக்கிலிருந்து சுழன்று சுழன்று கிளிப்பச்சையாக வந்துகொண்டிருந்தது. என் கல்யாணம் கண் முன்னால் கரைந்து ஓடுகிற மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன.

பாட்டிலை மண்ணில் கவிழ்த்து, துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"என்னாங்க இது, தண்ணி இப்புடி இருக்கு?"

அவள்தான், வெறுங்குடத்தோடு. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். இந்தத் தண்ணீர் உங்களுடையது என்று தெரிந்துவிட்டது, எங்கள் ஊருக்கு இல்லை, அதனால் உன் அப்பா சொன்னதே நிலைத்துவிடும் என்றேன்.

குனிந்து ஊற்றை எட்டிப் பார்த்தாள். "இங்க வந்தா அங்க வராதா?" என்று கேட்டாள்.

"ஒரே ஓடை எப்படி ரெண்டு பக்கம் வரும்?" என்றேன், பாடம் நடத்துகிற தோரணையில்.

அவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி கழித்து நிறைகுடத்தோடு வந்தாள். என் பக்கத்தில் இறக்கி வைத்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "காலைல மொண்டு வச்சது. இத ஊத்துங்க."

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நான்கு பாட்டிலும் கழுத்து வரை நிறைந்து தெளிவாக நின்றன. நான் பறக்காத குறைதான். செய்வது அயோக்கியத்தனம் என்ற நினைப்பு அப்போது வரவே இல்லை.

அது பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகு வந்தது.

பொழுது சாய்வதற்கு முன் பேராசிரியர் மலையிலிருந்து இறங்கிவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு, செருப்பு ஒன்றைக் காணோம். பெண்ணின் அப்பா தன் பெட்டியோடு எனக்கு முன்பே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் இருபத்துநான்கு பாட்டில்களையும் பெஞ்சுகள்மேல் வரிசையாக அடுக்கினார். ஒன்றொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதிலும் பச்சை இல்லை.

"இவர் பிடித்த பாட்டில் எல்லாம் ஏன் பாதிதான் இருக்கிறது?" என்றார்.

"வெயில்ல வத்திப்போச்சுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"மூடி போட்ட பாட்டிலா?"

"பயங்கர வெயிலுங்க."

பேராசிரியர் பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று மாதத்து நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியானால் நான் நினைத்தது எல்லாமே தப்பு" என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் மண் தின்றவர், பாறையிடம் காது கொடுத்தவர், ஒரே நாளில் வயதாகிவிட்ட மாதிரி இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அவள் போனால் போகட்டும் என்றுகூட நினைக்கவில்லை. அவள் போய்விடுவாள் என்று நன்றாகத் தெரிந்தே எழுந்தேன்.

"சார், தப்பு என்னுது. ரெண்டு மணிக்கு அங்க பச்சையா வந்துச்சு. நான் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்திட்டேன். அது அவங்க ஊர்த் தண்ணிதான் சார்."

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்ல இடுப்பைத் தடவி, அங்கே சுருட்டிச் செருகியிருந்த துண்டை உருவி, பேராசிரியர் முன்னால் விரித்தார். வெள்ளைத் துண்டு. பாதிக்கு மேல் கிளிப்பச்சை.

"எனக்கு உச்சிவேளைக்கே வந்துடுச்சுங்க" என்றார். "இந்த ஊரு ஊத்துலதான். மலைத் தண்ணி எங்க ஊருக்கு மட்டும்தான்னு இருக்கட்டுமேன்னு நானும் கொட்டிட்டேன். காலைல புடிச்ச தண்ணிய எல்லாப் பாட்டில்லயும் பங்கு போட்டேன். பொம்பளைங்க கொடத்தோட வந்தாங்க, பாம்பு வுழுந்துடுச்சுன்னு வெரட்டிவுட்டேன்."

நான் திரும்பி வரும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் வெறுங்குடத்தோடு யாரைத் திட்டிக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பேராசிரியர் துண்டை இரண்டு கையாலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எங்களை அறைவார் என்று நினைத்தேன். "இரண்டிலுமா!" என்றார். "சரியாக எத்தனை மணிக்கு?" நோட்டைப் புரட்டி, பென்சிலை நாக்கில் நனைத்து, அவர் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். ஊற்றில் இன்னும் நிறம் இருக்கும், இப்போதே போய்ப் பிடித்து வர வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் அந்த அறையில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பெண்ணின் அப்பா என் பாட்டில்களின் பக்கம் போனார். கடைசி நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"நான் பன்னெண்டு பாட்டில ரொப்ப முடியாம முழி பிதுங்கிப்போனேன். ஊத்து பூரா பச்சை, சுத்தத் தண்ணிக்கு எங்க போறது?" என்றார். "உன்னுது கழுத்து மட்டும் ரொம்பி நிக்குது. ஒனக்கு யாரு குடுத்தா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பெயரை என் வாயிலிருந்து வாங்க அவரால் முடியாது. அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை வாத்தியாரே என்றும், கோபம் வந்தால் நீ என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான்கு பாட்டிலையும் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எந்திரிங்க மாப்ளே. சாருக்குப் பாட்டிலக் கழுவிக் குடுப்போம்."