அப்பா சுருக்கமாகப் பேசினார்

அப்பாவின் தொண்டையில் இருந்த கட்டி குரல்வளையோடு சேர்ந்துதான் வெளியே வரும் என்று புதுச்சேரியில் டாக்டர் சொன்னபோது, அப்பா கேட்ட ஒரே கேள்வி, ஆபரேஷனுக்கு அப்புறம் காரக்குழம்பு சாப்பிடலாமா என்பதுதான். சாப்பிடலாம், பேசத்தான் முடியாது என்றார் டாக்டர். உங்க அம்மாவுக்கு நிம்மதி என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஜோக் அடிப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அதன்பிறகு கம்பெனி நகரியத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். நகரியத்தில் வளர்ந்தவர்களுக்குக் கரண்ட் போவது என்பதே வெளியூர்க்காரர்கள் சொல்லும் கதை. மந்தாரக்குப்பத்தில் அவ்வப்போது போகும். வீட்டுக்காரரே இன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார். என் கம்ப்யூட்டருக்கு ஒரு யூ.பி.எஸ்ஸாவது வாங்கலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்துகினு இருந்தவன் வூட்டுல பேட்டரியா?" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். சுத்தமான வறட்டு கௌரவம். வாதாடிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

எனக்கு பெங்களூர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தபடியே. கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று உண்டு. ஒரு ஃபைலைத் திறக்காமலே அதன் அளவு என்ன, எப்போது பிறந்தது, கடைசியாக எப்போது மாறியது என்று கேட்டால் அது சொல்லும். ஃபைலை அப்படியே நினைவகத்தில் விரித்துக் கொடு என்றால் விரித்துக் கொடுக்கும். இந்த இரண்டு வேலைகளைச் சுற்றித்தான் என் பிழைப்பு. விரித்துக் கொடுத்த ஃபைலில் எழுதுவது சுகமான காரியம். நாம் நினைவகத்தில் எழுதிவிட்டுப் போகலாம், அரை நிமிடம் போல ஆனதும் கெர்னல் அதைத் தானே டிஸ்க்கில் சேர்த்துவிடும்.

அப்பாவின் குரலைப் பிடித்து வைக்க, நல்ல மைக் ஒன்று வாங்கி, நானே எழுதிய ஒரு சின்ன புரோகிராமை வைத்தேன். பொத்தானை அழுத்தியதும் ஒரு மணி நேரத்துக்கான அளவில் ஃபைலை உண்டாக்கி நினைவகத்தில் விரித்துக்கொள்ளும். ஃபோனில் முடிகிற வேலைதானே என்று கேட்கலாம். நடுவில் மூச்சு இழுப்பது கூட கேட்கிற மாதிரி எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது. தினமும் காலையில் உட்கார வைத்தேன். நைட் ஷிஃப்ட் கதைகள், பழைய ஃபோர்மேனைப் பற்றிய வசவுகள், பேப்பரில் வந்த ராசிபலன் என்று வாய்க்கு வந்ததைப் பேசினார். அவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காலையில், அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் பேச வேண்டும், நீ வெளியே இரு என்றார். ஃபைலுக்கு 'அம்மாவுக்கு' என்று பெயர் கொடுத்து, அழுத்த வேண்டிய பொத்தானைக் காட்டிவிட்டு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. அம்மா பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது.

அப்பா வெளியே வந்தார். பேசி முடித்த பிறகுதான் போச்சு, ஒன்றும் கவலையில்லை என்றார். உள்ளே அவ்வளவு நேரம் இருந்தாரே, அதெல்லாம் எப்போதோ டிஸ்க்கில் சேர்ந்திருக்கும் என்று நானும் நம்பினேன். காரில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அம்மாவுக்கு அந்தப் பேச்சுதான் பிடிமானம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா அவளிடம் தனியாக ஏதாவது சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளுக்கும் இல்லை போலிருக்கிறது. என்ன சொல்லியிருப்பார் என்று என்னிடம் ஒரு தடவை வெட்கத்தோடு கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அம்மா குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தொழில் புத்தி, திறப்பதற்கு முன்னால் கெர்னலிடம் ஃபைலின் விவரம் கேட்டேன். பெயர் இருந்தது. அளவு முழுசாக ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. ஆனால் டிஸ்க்கில் அது பிடித்திருக்கும் இடம் என்று இன்னொரு எண் உண்டு. அது பூஜ்யம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்த மாதிரி. ஆள் ஏறவே இல்லை.

ஃபைல் பிறந்த நேரத்தைப் பார்த்தேன். மெஷின் அணைந்த நேரத்தைப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் அரை நிமிடம் கூட இல்லை. கெர்னல் டிஸ்க்கில் சேர்ப்பதற்குள் கரண்ட் போய், நினைவகத்தில் இருந்தது அப்படியே அழிந்துவிட்டது. அப்பா அந்த அறைக்குள் வெகுநேரம் பொத்தானை அழுத்தாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிறகு அழுத்தி, ஓரிரு வாக்கியம் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் வளவளவென்று பேசியிருந்தால் முன்பகுதியாவது தப்பித்திருக்கும். ஃபோர்மேனைத் திட்ட அத்தனை நேரம் எடுத்துக்கொண்ட மனுஷன் பொண்டாட்டியிடம் சுருக்கமாகப் பேசிவிட்டார். எனக்கு அவர் மேல் தாங்க முடியாத கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. கழுத்தில் போட்டிருந்த ஓட்டை வழியாக மூச்சு புஸ்ஸென்று வந்து போனது. காபியில் சர்க்கரை பத்தவில்லை என்பதைக்கூட எழுதிக் காட்ட அவருக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தோம். அதை எடுத்து நீட்டினேன். ஒதுக்கிவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்து உதடுகளை அசைத்தார். சத்தமே இல்லை. ஓரிரு வாக்கியம்தான் இருக்கும். அம்மா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மெதுவாகத் தலையாட்டினாள். அப்பாவின் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல், என்னம்மா சொன்னார் என்று கேட்டே விட்டேன். அடுப்பைப் பற்ற வைத்து, பாலை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் பதில் சொன்னாள்.

"ஒண்ணுமே புரியலடி. இன்னொரு வாட்டி கேட்டா பாவம், மூச்சு வாங்கும். அதான் புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். நீ பாட்டுக்கு அவர்கிட்ட சொல்லிகினு நிக்காத."