வெட்டுப்பட்டவரும் ஒரு துண்டுக் கொல்லையும்

என் தாத்தாவின் தாத்தா வெட்டுப்பட்டுச் செத்தவர். வெட்டியது யார் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்தான். ஆளையும் கொன்று, அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் நிலத்தில் ஒரு துண்டையும் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

ஆதாரம் கேட்டால் எங்கள் வீட்டுச் சாவுகளைக் காட்டுவார்கள். எங்களில் யார் இறந்தாலும் அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் கூப்பிடாமலே வந்து பாடைக்குத் தோள் கொடுப்பார். சுடுகாடுவரை சுமப்பார், குளித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார். "செஞ்ச பாவத்தைக் கழிக்கிறாங்க" என்பது பெரியவர்களின் தீர்ப்பு. அப்பா போனபோதும் ஒருவர் வந்தார். நான் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை.

கிரிவலக் கூட்டம் பெருகி நிலமெல்லாம் யானை விலை குதிரை விலை ஆனபிறகு, பாதையை ஒட்டிய அந்தத் துண்டின்மேல் அண்ணனுக்குக் கண் விழுந்தது. அங்கே அந்தக் குடும்பத்து அக்கா ஒருவர் புருஷனோடு டீக்கடை வைத்திருந்தார். பௌர்ணமி வியாபாரம்தான் அவர்களுக்குச் சோறு. அண்ணன் வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் விட்டுவிட்டார். அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். வக்கீல் மூலப்பத்திரம் கேட்டதும், வேங்கிக்காலில் இருந்த என் வீட்டுக்குப் பழைய பத்திரங்கள் அடங்கிய தகரப்பெட்டியோடு அண்ணன் வந்து இறங்கினார்.

"நீதான் பொறுமையா படிப்பே. எனக்குக் கண்ணு பத்தல."

அந்தக் காலத்துப் புள்ளி வைக்காத எழுத்து. ஒரு பக்கம் படிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் விடமுடியவில்லை. வெட்டுப்பட்டவர் என்ற ஒரே பட்டத்தோடு இருந்த மனிதர், காகிதம் காகிதமாக எழுந்து நடக்க ஆரம்பித்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பிறந்திருக்கிறார் என்றது ஜாதகம். இங்கே வந்து நிலம் வாங்கியிருக்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து கிணறு வெட்டி, முறை போட்டு இறைத்துக்கொள்வதாக எழுதி வைத்திருக்கிறார்.

"பாத்தியா? கிணத்துத் தகராறுலதான் வெட்டியிருப்பான்" என்றார் அண்ணன். அவருக்கு எதைக் காட்டினாலும் கொலைதான் தெரிந்தது.

கடைசியில் கிடைத்தது செத்தவரின் மனைவி, தன் மகன் பெரியவனான பிறகு அவனுக்கு நிலத்தை எழுதிவைத்த பத்திரம். எல்லை சொல்லி வரும்போதே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு அண்ணனுக்கு உரக்கப் படித்தேன். கார்த்திகைத் தீபத்துச் சந்தையில் மாடு விற்றுத் திரும்பிய தன் புருஷனை வழியில் திருடர்கள் வெட்டிப் போட்டதாகவும், குற்றுயிராய்க் கிடந்தவரைப் பக்கத்துக் கொல்லைக்காரர் தோளில் சுமந்து வந்து வீடு சேர்த்ததாகவும், தன் மடியில்தான் அவர் உயிர் போனதாகவும் அந்த அம்மாள் எழுதச் சொல்லியிருந்தாள். சுமந்தவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் அந்த அம்மாள் அவருக்கு விட்ட கொல்லை நீங்கலாக, மற்ற நிலமெல்லாம் மகனுக்கு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கைநாட்டு வைத்த அந்த அம்மாள்மேல் அப்படி ஒரு நன்றி. அவள் சொல்லாமல் விட்டிருந்தால், காலத்துக்கும் நாங்கள் ஒரு நல்லவரைக் கொலைகாரர் என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

அண்ணன் பத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது நம்மகிட்ட மட்டும்தானே இருக்கு?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணா, நம்ம பாட்டன் நடுரோட்டுல நாய் மாதிரி செத்திருப்பாரு. பொண்டாட்டி மடியில உயிர் விட்டாருன்னா அது தூக்கிட்டு வந்த அந்த மனுஷனால. அவரு வீட்டுச் சோத்துலயா கை வைக்கப் போறே?"

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

கடையில் அக்காவும் அவர் புருஷனும் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் வெளுத்தது, நோட்டீஸுக்கு அடுத்தது என்னவோ என்று. அண்ணன், இனி கேஸ் இல்லை என்றார். பத்திரத்தை நீட்டி, விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அக்கா ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுங்க. எங்க வீட்ல சின்னதுலயே சொல்லி வச்சிடுவாங்க. அவங்க வீட்டுக்கு ஒண்ணுன்னா நாமதான் தோள் குடுக்கணும்னு."

"நோட்டீஸ் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் அண்ணன்.

அக்கா டீ கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எப்படிங்க சொல்றது? சாவுற ஆளைத் தூக்கிட்டு வந்ததைப் போயி சொல்லிக் காட்டுவாங்களா? அதுக்குக் கொல்லையே போவட்டும்னுட்டாரு இவரு."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.